பெரியக்காவின் ஞாயிற்றுக்கிழமை

அரசு ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் முப்பத்திரண்டு வருஷம் வேலை பார்த்தவள் அவள். வீட்டில் மூத்தவள் என்பதால் பெரியக்கா. அந்தப் பேர் வேலையிடத்திலும் வந்து ஒட்டிக்கொண்டது. அவளைவிட ஏழு வயது மூத்த மேற்பார்வையாளர்கூட "பெரியக்கா, அந்த மூட்டைய இந்தப் பக்கம் தள்ளுங்க" என்றுதான் சொல்வார். தள்ளுவாள். தள்ளு என்று சொன்னால் தள்ளுகிறவள், தூக்கு என்றால் தூக்குகிறவள் என்று ஊரில் பேர் எடுத்துவிட்டால் அப்புறம் அதிலிருந்து மீள முடியாது.

அப்பா போனபோது அவளுக்குப் பத்தொன்பது. கீழே ஒரு தம்பி, இரண்டு தங்கைகள். அப்பா பார்த்த வேலையைத்தான் அவளுக்குக் கொடுத்தார்கள். பெரிய தங்கை கல்யாணமாகிக் கப்பல் ஏறிப் போனவள், அம்மா சாவுக்குக்கூட வரவில்லை. சின்னத் தங்கை உள்ளூரிலேயே ஒரு வக்கீல் குமாஸ்தாவைக் கட்டிக்கொண்டாள். அந்த மனிதர் சோற்றில் உப்பு குறைந்தால்கூட "சட்டப்படி பார்த்தா" என்றுதான் ஆரம்பிப்பார். அதனால் குடும்பத்தில் அவருக்குச் சட்டம் என்றே பேர். தம்பி அச்சகத்தில் தாள் வெட்டும் இயந்திரம் ஓட்டினான். அவனுக்கு மனைவி, ஒரே மகள். பெரியக்காவுக்கு இரண்டு தடவை கல்யாணப் பேச்சு வந்தது. முதல் தடவை தங்கைக்குப் பிரசவம், இரண்டாம் தடவை அம்மா விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டாள். மூன்றாம் தடவை என்று ஒன்று வரவில்லை.

விரிப்பு மடிக்க இரண்டு பேர் வேண்டும். ஆளுக்கு இரண்டு முனை. உதறி, இழுத்து, நடந்து வந்து முனையோடு முனை சேர்த்து, மறுபடி பின்னால் போய் இழுக்க வேண்டும். ஒரு நாளைக்கு நானூறு விரிப்பு. எதிர்முனையில் எப்போதும் ஒரு முகம். அந்த முகத்துக்குச் சொந்தக்காரிக்கு வானொலி என்று பட்டம். சூடான இஸ்திரி உருளைகளின் இரைச்சலையும் மீறி அவள் குரல் கேட்கும். மாமியார், மாமியாரின் தங்கை, அந்தத் தங்கையின் மூலவியாதி எல்லாம் ஒவ்வொரு விரிப்போடும் மடிந்து அலமாரிக்குப் போகும்.

வீட்டுக்கு வந்தால் இரண்டு அறை, ஒரு சமையலறை. பெரியக்காவுக்குப் படுக்கை சமையலறைக்கும் குளியலறைக்கும் நடுவிலுள்ள நடையில். குளியலறைக்குப் போகிறவர்கள் எல்லாரும் அவள் காலைத் தாண்டித்தான் போக வேண்டும். தாண்டாமல் மிதித்தவர்களும் உண்டு. குளிக்கப் போய் ஐந்து நிமிஷம் ஆனால் கதவைத் தட்டுவார்கள். ஒரு மனுஷி தனியாக அழுவதற்குக்கூட அந்த வீட்டில் முறை போட்டுக் காத்திருக்க வேண்டும்.

சாமி நம்பிக்கை அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே உண்டு. ஆனால் கும்பிட நின்றால் வாயில் வருவது எல்லாம் அடுத்தவர் சங்கதி. தம்பிக்கு வேலை நிலைக்கணும், தங்கைக்குச் சுகப் பிரசவம் ஆகணும், அம்மாவுக்கு வலி குறையணும். சலவைக்கு வரும் மூட்டையில் வார்டு பேர் எழுதிக் கட்டியிருப்பது போல ஒவ்வொரு வேண்டுதலிலும் யாரோ ஒருவர் பேர் இருக்கும். தன் பேர் எழுதிய மூட்டை ஒன்றுகூடக் கிடையாது.

அம்மா பதினொரு வருஷம் படுக்கையில் கிடந்து போனாள். பீ மூத்திரம் அள்ளியதெல்லாம் பெரியக்காதான். செத்த அன்றைக்கு எல்லாரும் அழுதார்கள், அவளுக்கு மட்டும் கண்ணில் ஈரம் வரவில்லை. "கல்லு மாதிரி நிக்கறா பாரு" என்று தம்பி மனைவி யாரிடமோ சொன்னது காதில் விழுந்தது. உள்ளே எல்லாம் வற்றிப்போய்விட்டது என்று அவளுக்கே பட்டது. சாமியைக் கூப்பிட வாயைத் திறந்தால் வெறும் காற்றுதான் வந்தது. மூன்று வாரம் அப்படியே நடமாடினாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடுதல் வேலை முடிந்து பஸ்ஸில் உட்கார்ந்தவள் தூங்கிப்போனாள். தன் நிறுத்தத்தை விட்டுவிட்டுக் கடைசி நிறுத்தத்தில் போய் விழித்தாள். திரும்பும் பஸ்ஸுக்கு ஒன்றரை மணி நேரம் இருந்தது. நிழல் தேடி மண்பாதையில் நடந்தால், பழைய கல்குழி. கல் வெட்டுவதை எந்தக் காலத்திலோ நிறுத்திவிட்டார்கள். குழியில் தண்ணீர் நிறைந்து பச்சையாகக் கிடந்தது. பாறை வெடிப்புகளில் மரம் முளைத்து வேர் தொங்கியது. ஒரு மீன்கொத்தி. வேறு ஒரு உயிர் இல்லை.

பாறையில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் தண்ணீரைப் பார்த்தாள். அப்புறம் அழுகை வந்தது. வந்தது என்றால் சும்மா வரவில்லை, வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தது. யாரும் கதவைத் தட்டவில்லை. அழுது முடித்தபோது எதிரே காற்றில் இலை அசைந்துகொண்டிருந்தது. வாயில் எந்தப் பேரும் வரவில்லை, கேட்பதற்கும் எதுவும் இல்லை. சும்மா கைகூப்பி இருந்தாள். இருபத்தெட்டு வருஷமாக அடுத்தவர் அழுக்கை வெளுத்தவளுக்கு அன்றைக்குத் தன்னையே யாரோ அலசிப் பிழிந்து வெயிலில் போட்டது போல இருந்தது. பஸ்ஸில் திரும்பி வரும்போது பசித்தது. மூன்று வாரத்தில் முதல் பசி.

அதிலிருந்து ஒரு ஞாயிறு தவறவில்லை. ஞாயிற்றுக்கிழமை வேலையை ஆஸ்பத்திரியில் சீக்கிரமே எடுத்துவிட்டார்கள். அதை அவள் வீட்டில் சொல்லவில்லை. காலையில் வழக்கம்போல டிபன் டப்பாவோடு கிளம்புவாள், மூன்று மணிக்குத் திரும்புவாள். நாலு வருஷம் இப்படி ஓடியது. அந்த நாலு வருஷமும் வானொலியின் மாமியார் கதை அவளுக்கு எரிச்சலாக இல்லை. நடையில் யாராவது காலை மிதித்தால் சிரித்துக்கொண்டே சுருட்டிக்கொள்வாள். வாரத்தில் இரண்டு மணி நேரம் ஆளில்லாமல் இருந்தால், மீதி நேரம் ஆட்களோடு இருக்கலாம் என்பது அவள் கண்டுகொண்ட சங்கதி.

கெடுத்தது வானொலிதான். வேண்டுமென்று இல்லை. இரவல் வாங்கிப் போன குடையைத் திருப்பித் தர ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தாள்.

"பெரியக்கா இல்லையா?"

"வேலைக்குப் போயிருக்காங்களே" என்றாள் தம்பி மனைவி.

"வேலையா! ஞாயித்துக்கிழமை சலவைக்கூடத்துல பூனைகூட இருக்காதே. பூட்டி நாலு வருஷம் ஆச்சே!"

தம்பி மனைவிக்குப் பேயறைந்தது போலாகிவிட்டது. ஆனாலும் குடையை வாங்கி, டீ கொடுத்து, இன்னும் நாலு கேள்வி கேட்டுவிட்டுத்தான் வானொலியை அனுப்பினாள்.

அடுத்த ஞாயிறு தம்பி பின்னாலேயே போனான். பஸ்ஸில் கடைசி வரிசையில், பேப்பரை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு. அக்கா கல்குழிக்குள் இறங்கினாள். புதருக்குப் பின்னால் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்து எறும்புக் கடி வாங்கினான். யாரும் வரவில்லை. கைகூப்பி, கண்மூடி, அவள் பாட்டுக்கு இருந்தாள். வீட்டுக்கு வந்து மனைவியிடம், "சாமி கும்பிடுறா, வேற ஒண்ணுமில்ல" என்றான். தம்பி மனைவி நிம்மதியாக மூச்சு விட்டாள். அதில் சின்னதாய் ஒரு ஏமாற்றமும் இருந்தது.

அன்றைக்குப் பெரியக்கா திரும்பி வந்ததும் தம்பி மனைவி டீயைக் கையில் கொண்டுவந்து கொடுத்தாள்.

"எங்ககிட்ட சொல்லியிருக்கலாமே அண்ணி? நாங்க என்ன வேணாம்னா சொல்லப்போறோம்?"

பெரியக்கா டீயைக் குடிக்காமல் கீழே வைத்தாள்.

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. அதே வாரத்தில், இரண்டு வருஷமாக இழுத்துக்கொண்டிருந்த தம்பி மகளின் கல்யாணப் பேச்சு சட்டென்று கூடிவந்தது. மாப்பிள்ளை மருந்துக் கம்பெனியில் நல்ல வேலை. அவர்களே ஆளனுப்பிச் சரி என்றார்கள். தம்பி மனைவி ஒன்றையும் ஒன்றையும் கூட்டி மூன்று என்று கண்டுபிடித்துவிட்டாள்.

"அண்ணி அங்க உட்கார்ந்து கும்பிட்டதுக்குத்தான் இது. நாலு வருஷம்ங்க! சும்மா போகுமா?"

அந்தக் கல்யாணத்தைப் பற்றிப் பெரியக்கா கல்குழியில் ஒரு வார்த்தைகூட வேண்டிக்கொண்டதில்லை. அங்கே அவள் எதையுமே வேண்டிக்கொண்டதில்லை. சொன்னால் யார் நம்பப்போகிறார்கள்? சொன்னாள், நம்பவில்லை. "அடக்கம்" என்றார்கள்.

அடுத்த ஞாயிறு தம்பி குடும்பம் மொத்தமும் கூட வந்தது. பாய், ஃப்ளாஸ்க், ரொட்டி, அவித்த முட்டை. சின்னத் தங்கையும் சட்டமும் பஸ் நிறுத்தத்தில் சேர்ந்துகொண்டார்கள். சட்டம் சுற்றிப் பார்த்துவிட்டு, "சட்டப்படி பார்த்தா இது புறம்போக்கு. ஒரு பெஞ்சு போடலாம்" என்றார். தம்பி மனைவி பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதிக்கொண்டு வந்திருந்தாள்.

"முதல்ல உங்க தம்பிக்கு முதுகுவலி. ரெண்டாவது, மேல்வீட்டுக்காரம்மா பையனுக்கு வெளிநாட்டு வேலை. மறந்துடாதீங்க அண்ணி, அவங்க நம்மளத்தான் நம்பியிருக்காங்க."

"நான் அப்படியெல்லாம் வேண்டுறதில்லம்மா."

"இனிமே வேண்டுங்க. வாய்க்கு என்ன வாடகையா?"

கண்ணை மூடினாள். பின்னால் முட்டை உரிக்கும் சத்தம். யாரோ "ஷ்ஷ், அக்கா கும்பிடுறா" என்றார்கள். அந்த ஷ்ஷ் முட்டை உரிக்கும் சத்தத்தைவிடக் கொடுமையாக இருந்தது. முதுகில் அத்தனை கண்ணும் ஊர்ந்துகொண்டிருக்கும்போது அவளுக்கு வந்ததெல்லாம் கழுத்து வலிதான்.

மறு வாரம் மேல்வீட்டுக்காரி வந்தாள். அதற்கு மறு வாரம் மேல்வீட்டுக்காரியின் நாத்தனார். மண்பாதையில் வழி தெரிவதற்காக யாரோ பாறையில் சுண்ணாம்பால் அம்புக்குறி போட்டிருந்தார்கள். பெரியக்கா ஒரு நாள் குழியின் மறுபக்கம், முள்ளுக்குள் போய் உட்கார்ந்தாள். கால் மணி நேரம் ஆகவில்லை, "இந்தா, இங்கதான் இருக்காங்க!" என்று சின்னத் தங்கையின் குரல். குழந்தை கண்ணாமூச்சியில் கண்டுபிடித்த சந்தோஷம் அதில். மீன்கொத்தி எப்போதோ போய்விட்டது. ஏழு வாரத்தில் அவள் மறுபடி வற்றிப்போனாள். ஒரு நாள் சலவைக்கூடத்தில் வானொலி பேசிக்கொண்டிருக்கும்போது விரிப்பைக் கீழே போட்டுவிட்டு, "வாயை மூடுடி" என்று கத்தினாள். முப்பத்திரண்டு வருஷத்தில் அவள் அப்படிக் கத்தி யாரும் கேட்டதில்லை. வானொலி அரை மணி நேரம் பேசவில்லை, அதுவும் முதல் தடவைதான்.

அந்த வாரம் வெள்ளிக்கிழமை சாயங்காலம் சமையலறையில் எல்லாரும் இருந்தார்கள். தம்பி மனைவி முகமெல்லாம் பல்.

"அண்ணி, நாளன்னிக்கு சம்பந்தி வீட்டுல இருந்து பன்னிரண்டு பேர் வர்றாங்க. வேன் பிடிச்சு. மாப்பிள்ளையோட அம்மாவுக்கு முழங்கால் வலி. நீங்க அங்க வச்சு, கால்ல கைவச்சு, ரெண்டு வார்த்தை வேண்டிக்கணும். நான் வாக்குக் கொடுத்துட்டேன்."

"நான் முடியாதுன்னா?"

"பொண்ணு வாழ்க்கை அண்ணி. முடியாதுன்னு எப்படி?"

பெரியக்கா கையிலிருந்த தட்டைக் கழுவி முடித்தாள். துடைத்தாள். கவிழ்த்து வைத்தாள். அப்புறம் திரும்பாமலே சொன்னாள்.

"நான் அங்க சாமி கும்பிடப் போகல."

"பின்ன?"

"ஒரு ஆளப் பார்க்கப் போனேன்."

அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. யாரும் அணைக்கவில்லை. அவளேதான் அணைத்தாள்.

தம்பி எழுந்து வந்தான். "நான் பார்த்தனே அக்கா. தனியாத்தானே இருந்த?"

"அன்னிக்கு அவர் வரல."

"கைகூப்பிக்கிட்டு இருந்தியே?"

"நீ பஸ்ஸுல பேப்பரத் தலைகீழா பிடிச்சிருந்ததப் பார்த்தேன். உனக்காகத்தான் கூப்பினேன்."

இதுவும் பொய். அவள் அன்றைக்கு அவனைப் பார்க்கவே இல்லை. பேப்பர் சங்கதியைத் தம்பி மனைவிதான் பிறகு பெருமையாகச் சொல்லியிருந்தாள். ஆனால் ஒரு பொய் சொன்ன பிறகு அடுத்தது தானாகவே நடந்து வருகிறது. தம்பி மனைவி சுவரில் சாய்ந்து அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "ஐயோ, அங்க போய் நாம ரொட்டி தின்னோமே" என்றாள். வேறு எந்த நேரமாக இருந்தாலும் பெரியக்கா சிரித்திருப்பாள்.

சம்பந்தி வீட்டு வேன் பயணம் நிறுத்தப்பட்டது. கல்குழியில் பாம்பு கிடக்கிறது, ஒருவரைக் கடிக்கப் பார்த்தது என்று தம்பி மனைவி தெருவெல்லாம் சொல்லிவிட்டாள். அன்றையிலிருந்து அந்தப் பக்கம் யாரும் தலை வைத்துப் படுக்கவில்லை. பெரியக்கா கேட்டது கிடைத்துவிட்டது.

சனிக்கிழமை மதியம் தம்பி மகள் நடையில் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். அவளைத் தாய்ப்பால் மறந்த நாளிலிருந்து தூக்கி வளர்த்தவள் பெரியக்கா. எழுத்துக் கூட்டிப் படிக்க வைத்தது, பல் விழுந்தால் வாய் கொப்பளிக்க வைத்தது, வயசுக்கு வந்தபோது பயப்படாதே என்று சொன்னது எல்லாம் இவள்தான்.

"அத்தை, யாரு அது?"

"உனக்கெதுக்கு?"

"உயரமா?"

பெரியக்கா மனசுக்குள் ஒரு ஆளைத் தேடினாள். சலவைக்கூடத்தில் முன்பு இருந்த கொதிகலன்காரர் நினைவுக்கு வந்தார். செத்து ஆறு வருஷம் ஆகிறது. செத்தவரை யாரும் தேடிப்போய் அடிக்க முடியாது. பேர் சொல்லாமல் அவர் அடையாளத்தையே சொன்னாள்.

"நடுத்தரம். முன்பக்கம் கொஞ்சம் வழுக்கை. இடது கையில நெருப்புத் தழும்பு."

"நல்லாப் பேசுவாரா?"

"அதிகம் பேசமாட்டார்."

"நீ பேசுவியா?"

"நானும் பேசமாட்டேன். சும்மா உட்கார்ந்திருப்போம்."

பெண் அவள் முகத்தைப் பார்த்தாள். கண்ணில் ஒரு பளபளப்பு இருந்தது. "உனக்கு இப்படி ஒண்ணு இருந்துச்சுன்னு எனக்கு சந்தோஷம்தான் அத்தை" என்றாள். பிறகு சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு, "ஆனா மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரிஞ்சா என்ன ஆகும்னு பயமா இருக்கு" என்றாள்.

தெரியாமல் இருக்க என்ன செய்வது என்று தம்பி யோசித்து வைத்திருந்தான். ஞாயிறு காலை டிபன் டப்பாவை எடுத்துக்கொண்டு அவள் கிளம்பும்போது வாசலை மறித்து நின்றான்.

"இந்த வீட்டுல இருக்கணும்னா அங்க போகக் கூடாது."

"போகணும்டா."

அவன் குரல் இறங்கியது. சின்ன வயதில் இருட்டில் அவள் கையைப் பிடித்துக்கொண்டு நடந்த குரல். "அக்கா, எனக்கு இன்னமும் நம்ப முடியல. கோவத்துல சொன்னேன், பொய்னு ஒரு வார்த்தை சொல்லு. நான் நம்புறேன். இப்பவே எல்லாரையும் கூப்பிட்டுச் சொல்றேன்."

அவன் நம்புவான் என்று அவளுக்குத் தெரியும். எல்லாரும் நம்புவார்கள். நம்பினால் வேன் வரும். முழங்கால் வரும், மூலம் வரும், காலண்டர் தாள் வரும். சட்டம் பெஞ்சு போடுவார். அவள் சாகும்வரைக்கும் ஞாயிற்றுக்கிழமை அந்தப் பாறையில் ஆட்களுக்கு நடுவில் உட்கார்ந்து, வராத சாமிக்கு முன்னால் கண்ணை மூடிக்கொண்டிருக்க வேண்டும். உண்மையைச் சொன்னால் அந்தத் தனிமை போய்விடும். பொய்யை வைத்துக்கொண்டால் இவர்கள் போய்விடுவார்கள்.

"பொய் இல்ல" என்றாள்.

அவன் வழிவிட்டான். அவள் இறங்கிப் போன பிறகு, அவளுடைய துணிகளை ஒரு பெட்டியில் அடுக்கி நடையில் வைத்தான். மனைவியை அடுக்க விடவில்லை.

ஆஸ்பத்திரி ஊழியர் விடுதியில் ஒரு கட்டில் போடும் அளவுக்கு அறை கிடைத்தது. கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் இருந்தது. முதல் வாரம் அவள் அந்தத் தாழ்ப்பாளைப் போடுவதும் எடுப்பதுமாக இருந்தாள். குளியலறையில் அரை மணி நேரம் இருந்தும் யாரும் தட்டவில்லை. வானொலிக்குச் சங்கதி தெரிந்திருந்தது. ஆனால் விரிப்பு மடிக்கும்போது அவள் அதைப் பற்றி மட்டும் வாயைத் திறக்கவில்லை. பெரியக்காவுக்குக் கிடைத்த மரியாதை அது ஒன்றுதான்.

கல்யாணத்துக்கு நாலு நாள் இருக்கும்போது தம்பி மகள் சலவைக்கூடத்து வாசலில் வந்து நின்றாள். ஆவி படிந்த முகத்தைத் துடைத்துக்கொண்டு பெரியக்கா வெளியே வந்தாள்.

"இளைச்சுட்ட" என்றாள் பெண்.

"நீ கொஞ்சம் பூசினாப்புல இருக்க. நல்லதுதான்."

"அத்தை... உனக்கு உடம்பு சரியில்லாம இருக்குன்னு மாப்பிள்ளை வீட்டுல அப்பா சொல்லியிருக்கார். யாரும் வந்து பார்க்கக் கூடாத வியாதின்னு."

"என்ன வியாதி?"

"பேர் சொல்லல."

"ஏதாவது பேர் வச்சுக்கச் சொல்லு. கேட்டா ஆளுக்கொண்ணு சொல்லி மாட்டிக்கப்போறீங்க."

பெண் சிரிக்க ஆரம்பித்து அழுதாள். பெரியக்கா அவள் கழுத்துப்பக்கம் கலைந்திருந்த முடியைச் சரிசெய்தாள். நீ வா என்று அந்தப் பெண் ஒரு தடவை சொல்லிவிடுவாள் என்று அவளுக்கு ஒரு எதிர்பார்ப்பு இருந்தது. சொன்னாலும் போகப்போவதில்லை. ஆனாலும் சொல்லுவாள் என்று நின்றாள். பெண் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்றாள்.

கல்யாணம் ஞாயிற்றுக்கிழமை. பெரியக்கா எட்டு மணிக்கே கல்குழிக்குப் போய்விட்டாள். முந்தின வார மழையில் தண்ணீர் ஏறியிருந்தது. பாறையெல்லாம் கழுவிவிட்டது போலச் சுத்தம். மனிதக் காலடி ஒன்றுகூட இல்லை. இந்நேரம் பெண்ணுக்குத் தலை வாரிக்கொண்டிருப்பார்கள். யார் வாருகிறார்களோ, இழுத்துக் கட்டினால் அந்தப் பெண்ணுக்குத் தலை வலிக்கும், அது யாருக்கும் தெரியாது.

இன்றைக்குச் சாமி முகம் கொடுக்காது என்று நினைத்துத்தான் வந்திருந்தாள். செத்துப்போன நல்ல மனிதர் மேல் பழி போட்டாள், தம்பியின் தலையைக் குனிய வைத்தாள், வளர்த்த பெண்ணைத் தனியே விட்டாள். அத்தனையும் இந்தப் பாறைக்காக. இதற்கு மேலும் உனக்கு நான் உண்டு என்று எந்தச் சாமி சொல்லும்? கையைக் கூப்பிக்கொண்டு தண்டனைக்குக் காத்திருப்பவள் போல உட்கார்ந்தாள். அந்தப் பெண்ணுக்காக இரண்டு வார்த்தை வேண்டலாம் என்று பார்த்தாள். வார்த்தை வரவில்லை.

வந்தது வேறு. காற்று தண்ணீர்மேல் நடந்து வந்து முகத்தில் பட்டது. தோள் இறங்கியது. மூச்சு தானாக நீண்டது. முதல் நாள் வந்தது போலவே, ஒரு குறையும் இல்லாமல், ஒரு கேள்வியும் கேட்காமல், அந்த அமைதி அவளுக்குள் இறங்கி நிறைந்தது. அவள் கண்ணைத் திறந்தாள்.

அவளுக்குக் கோபம் வந்தது.

"இன்னிக்குக்கூடவா?" என்று சத்தமாகக் கேட்டாள். "இன்னிக்கு ஒரு நாளாவது வராம இருந்திருக்கக் கூடாதா?"

எதிர்ப்பாறையிலிருந்து ஒரு பறவை எழுந்து பறந்தது. அவள் கூப்பிய கையைப் பிரித்து மடியில் வைத்துக்கொண்டு, மண்டபத்தில் எல்லாம் முடிந்திருக்கும் நேரம் வரைக்கும் அங்கேயே இருந்தாள். அமைதி போகவில்லை. அதுவும் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தது.